அருள்ஜோசப் சப்பரம் தூக்கிய கதை

எலும்பு நொறுங்கினாலும் சரி, இந்த வருஷமும் அந்தோணியார் சப்பரத்தைத் தூக்கியே தீருவது என்று அருள்ஜோசப் முடிவு கட்டினார். நொறுங்குவதற்கு முதுகில் இன்னும் கொஞ்சம் எலும்பு பாக்கி இருந்தது.

மூச்சிழுப்புக்கு ஒரு மாதம் சாப்பிடச் சொல்லிக் கம்பவுண்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை அவராகவே ஆறு வருஷம் நீட்டிவிட்டார். மூச்சு வந்தது, முதுகெலும்பு போனது. அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம், ராயக்கோட்டைச் சந்தையில் ஒரு தக்காளிக் கூடையைத் தூக்கப் போனார். மளுக்கென்றது. கூடை நின்ற இடத்திலேயே நின்றது. அவர்தான் விழுந்தார். ஒன்றரை மாதம் கழித்து எழுந்தபோது மூன்று விரற்கடை உயரம் குறைந்து, வேட்டி தரையில் புரண்டது. "வேட்டி நெசவுல தப்பு" என்றார்.

பெங்களூர் டாக்டர் அவர் மனைவி சூசைமேரியிடம் ஒளிக்காமல் சொன்னார். "மாத்திரையை ஒரேயடியா நிறுத்தினா உசுருக்கே ஆபத்து. நான் சொல்றபடி கொஞ்சங்கொஞ்சமாக் கொறைக்கணும். கால்சியம், மீன் எண்ணெய், பால், தினமும் நடை. பாரம் மட்டும் தூக்கவே கூடாது. இன்னொரு எலும்பு நொறுங்கினா எழுந்திரிக்கவே மாட்டாரு."

ஓசூர் வரும் வரைக்கும் பஸ்ஸில் அவள் அழுதாள். அவருக்கும் பயம்தான். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அப்படியும் வீம்பு போகவில்லை. மீன் எண்ணெயெல்லாம் கொல்லை முருங்கைக்குப் போயிற்று.

சித்திரையில் பேச்சை எடுத்தார்.

"இருவது வருசமாத் தூக்குன தோளுடி. இப்ப ஒதுங்கி நின்னா ஊர்ல எவன் மதிப்பான்?"

"தூக்குங்க."

"என்ன சொன்ன?"

"தூக்குங்கன்னேன். அதுக்கு ஒடம்புல தெம்பு வேணாமா? திருநா வரைக்கும் நான் குடுக்கறத முழுங்கணும். மாத்திரைய நான்தான் எண்ணிக் குடுப்பேன். தெனமும் கோயில் வரைக்கும் நடக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

பெண்புத்தி பின்புத்தி என்று மீசைக்குள் சிரித்துக்கொண்டார். இரண்டு மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். மாத்திரை பாதியாயிற்று, பிறகு காலாயிற்று. இழுப்பு வந்தபோதெல்லாம் அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டு ஜெபமாலை சொன்னாள்.

திருநாளன்று சப்பரக்காரர்களை வரிசைப்படுத்திய யேசுராஜ், அருள்ஜோசப்பைக் கம்புக்கு நடுவில் நிறுத்தினார்.

"என் இடம் முன்னாடியாச்சே?"

"நடுவுலதான்யா பாரம் ஜாஸ்தி. தாங்குவியா?"

"தாங்குவியாவா!"

தோளில் சூசைமேரி ஒரு சாண் கனத்துக்குத் தைத்துக் கொடுத்த பஞ்சு மெத்தை. நான்கு தெருவும் பல்லைக் கடித்தார், முக்கினார், முனகினார். பார்த்த பெண்களெல்லாம் உச்சுக் கொட்டினார்கள். முதுகு மட்டும் மூச்சுக் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

"பாத்தியாடி! அந்தோணியாரு பூவாட்டம் வந்தாரு. டாக்டருக்கு என்ன தெரியும்? நாளையிலிருந்து மீன் எண்ணெயும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

சூசைமேரி கரண்டியில் எண்ணெயை ஊற்றினாள்.

"முன்னாலயும் பின்னாலயும் ஒங்களவிட ஒரு சாண் ஒசந்த ஆளாப் பாத்து நிறுத்தச் சொல்லி யேசுராஜண்ணன் கால்ல விழுந்தேங்க. நாலு தெருவும் நீங்க சொமந்தது என் பஞ்சு மெத்தையத்தான். வாயத் தொறங்க."