பழசை மாத்திடுங்க, அத்தை

என் அக்கா பெற்ற அறிவுக் களஞ்சியமாகிய மருமகனுக்கு,

உன் மாமா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், கெட்டது என் நலம்.

நீ வாங்கச் சொன்ன புது கிராபிக்ஸ் கார்டை நம் வீடியோ எடிட்டிங் கடையில் நானே, தன்னந்தனியாக, ஒரே திருப்புளியால் மாட்டினேன். இந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து மூடிய முதல் ஆள் நான் என்பது உனக்கே தெரியும். மாட்டி ஆன் பண்ணினால், கார்டின் புது மெமரி வசதிக்கு நேராக 'ஆதரவு இல்லை' என்று வருகிறது. எனக்கா ஆதரவு இல்லை? நான் ஒரு கனைப்புக் கனைத்தால் நாலு தெரு திரளும். சரி, உன்னைக் கேட்கலாம் என்றால் நீ என் போனை எடுக்காமல் உன் அத்தை போனுக்குக் குரல் பதிவு அனுப்புகிறாய். அவள் அதைக் கடை நடுவில், ஸ்பீக்கரில், வாடிக்கையாளர் மூணு பேர் முன்னால் போட்டாள். என்ன சொல்லியிருந்தாய் அதில்? "அது பழசு அத்தை. புதுசுகிட்ட இருக்கிற மெமரியை மொத்தமா பாக்கிற சாமர்த்தியம் அதுக்குக் கிடையாது. சின்ன ஜன்னல் வழியா துண்டு துண்டாத்தான் எட்டிப் பாக்கும். அது வந்த காலத்துல இந்த வசதியே இல்ல, இனிமே சொல்லிக் குடுத்தாலும் ஏறாது. பேசாம பழசை மாத்திடுங்க."

மூணு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் பாவப்பட்டுத் தண்ணீர் கொடுத்தார். உன் அத்தை, "பையன் சரியாத்தான் சொல்றான், காலையில கண்ணாடியை நெத்தியில வெச்சுக்கிட்டே தேடினீங்களே"ன்னு சொல்லிட்டு, பதினாறு வருஷமா நான் உக்காந்த நாற்காலியில அவ தங்கச்சியை உக்கார வெச்சுட்டா. எனக்கு இப்போ வாசல்ல ஸ்டூல், கதவைத் திறந்து மூடுற உத்தியோகம். ஏன்டா மாப்ள, நீ சொன்னது கம்ப்யூட்டருக்கு மூளையா இருக்கிற ப்ராசஸரைன்னு எனக்குத் தெரியாதா? கார்டுல பன்னிரண்டு ஜிபி இருந்தாலும் பழைய ப்ராசஸர் ஒரு நேரத்துல இருநூத்தைம்பத்தாறு எம்பியைத்தான் பாக்கும்னு, அந்த ப்ராசஸர் பொறக்கிறதுக்கு முன்னாடியே சொன்னவன் நான். ஆனா 'ப்ராசஸர்'ங்கிற ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா உன் நாக்கு தேஞ்சா போயிருக்கும்?

கடிதம் கண்டதும் உன் அத்தைக்கு போன் போட்டு, பழசுன்னா எதுன்னு விளக்கி, என் நாற்காலியை வாங்கிக் குடு. இல்லாட்டி மாமன் மருமகன் உறவு இதோட சரி.

எல்லா நலமும், கூடவே கொஞ்சம் அடக்கமும் பெற்று வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பதிவை இன்னொரு தடவை கேட்டேன். முதல் வார்த்தையே 'ப்ராசஸர்'தான். அந்த நேரம் நான் கார்டு மாட்டின பெருமையைச் சொல்லிக்கிட்டு இருந்ததுல காதுல விழலை. உடனே உன் அத்தையைக் கூப்பிட்டுக் கேக்க வெச்சேன். "எனக்கு அன்னிக்கே நல்லாக் கேட்டுச்சு"ங்கிறா. அந்த வசதி இல்லாமலே கார்டு ஜோரா ஓடுதாம், அதனால ப்ராசஸரை மாத்த வேண்டாமாம். மாத்தின நாற்காலி மட்டும் அவ தங்கச்சிகிட்டயே இருக்கட்டுமாம். நீ போன் பண்ண வேண்டாம். ஸ்டூலுக்கு ஒரு மெத்தை கிடைச்சா வாங்கி அனுப்பு.