மேசையைக் காக்க நான் வாங்கிய மோல்டு

கல்யாணமான நாள் முதல் மனைவிக்குச் சோப்புப் போட்டே காலத்தை ஓட்டியவன் நான். போன மாதம் அவளே வீட்டில் சோப்புச் செய்ய ஆரம்பித்ததும், என் பிழைப்பில் மண் விழுந்தது.

முதல் சோப்பை அவள் காலிப் பால் அட்டைப்பெட்டியில் ஊற்றினாள். நுரையும் மணமும் அபாரம். வடிவம்தான் யாரோ உட்கார்ந்து எழுந்த தலையணை மாதிரி இருந்தது.

எதிர்வீட்டு டீச்சர் தேய்த்துப் பார்த்தார். "சோப்பு தங்கம். ஆனா கோணல். நேரா மட்டும் வரட்டும், எங்க ஸ்கூல் டீச்சருங்க எல்லாருக்கும் நானே ஆர்டர் பிடிச்சுத் தர்றேன்."

"சோப்பு வார்க்க சிலிகான் மோல்டு வாங்கிடலாம்" என்ற மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஆர்டர் வந்துட்டா, சோப்பு உலர வைக்க ஜன்னலோர மேசை வேணுங்க."

இந்த வீட்டில் என்னுடையது என்று நான் தைரியமாகச் சொல்லக்கூடிய ஒரே பொருள் அந்த மேசை. அதில்தான் நான் எழுதுகிறேன். அதாவது, எழுதப் போவதாகச் சொல்லிவிட்டுத் தூங்குகிறேன். மேசையை விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். சோப்பு நேராக வந்தால்தானே ஆர்டர்?

கடையில் அவள் மோல்டு பார்த்த அழகை எழுத எனக்குத் திறமை போதாது. ஒவ்வொன்றாக முகர்ந்தாள். ரப்பர் நாற்றம் அடித்ததையெல்லாம் தள்ளினாள். பிறகு ஒன்றின் ஓரத்தை நறுக்கென்று கிள்ளி மடக்கினாள். மடித்த இடம் வெளுத்தது.

"பாத்தீங்களா? கலப்படம். நாலு தடவை ஊத்தினா கிழிஞ்சிடும்."

கல்யாணத்துக்கு முன் என்னை இப்படிக் கிள்ளிப் பார்க்காதது என் அதிர்ஷ்டம்.

"இது?" பச்சை மோல்டு ஒன்றை நீட்டினேன்.

"வெளுக்கல. சரக்கு சுத்தம். ஆனா சுவரு மெல்லிசு. ஊத்தினா பாரம் தாங்காம வயிறு தள்ளிடும்."

"யாருக்கு?"

"மோல்டுக்கு. உங்களுக்குத்தான் ஏற்கெனவே தள்ளியாச்சே."

கடைக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அதே பச்சையில், அதே அளவில், கனத்த சுவர் உள்ள ஒன்றை அவள் தேர்ந்தெடுத்தாள். அவள் வாசனை எண்ணெய் பார்க்க நகர்ந்ததும், "அண்ணே, அந்த மெல்லிசு மோல்டையே போட்டுடுங்க" என்று கடைக்காரர் காதில் ஓதி, பையை வாங்கிக்கொண்டேன்.

மாலையில் அவள் சோப்பு ஊற்றும்போது நான் நடக்கப் போய்விட்டேன். ஜெயித்தவனுக்கு அடக்கம் வேண்டும்.

மறுநாள் டீச்சர் முன்னிலையில் மோல்டை உரித்தாள். அடிக்கோல் வைத்து வரைந்ததுபோல் நேராக வந்து நின்றது சோப்பு. நான் வயிற்றைத் தேடினேன். என்னுடையது மட்டும்தான் கிடைத்தது.

"இன்னிக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்!" டீச்சர் துள்ளிக்கொண்டு போனார்.

"கனமான மோல்டாச்சே, நேராத்தானே வரும்?" என்று நூல் விட்டுப் பார்த்தேன்.

"மெல்லிசுதாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"கடைப் பையை என்னிக்காவது நீங்களா தூக்கினதுண்டா? நேத்துப் பச்சைக் குழந்தை மாதிரி அணைச்சுட்டு வந்தீங்க. வீட்டுக்கு வந்ததும் பிரிச்சுத் தொட்டுப் பாத்தேன்."

"பின்னே எப்படி..."

"மெல்லிசா இருந்தா, சுத்தி ஒரு மரப்பெட்டி இருக்கணும், அவ்வளவுதான். உங்க மேசை டிராயர்ல உக்கார வெச்சேன். ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடைவெளி இருந்துச்சு. உங்க அகராதி ரெண்டு பாகத்தையும் முட்டுக் கொடுத்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாங்கிய நாளிலிருந்து அந்த அகராதியால் நடந்த முதல் உருப்படியான வேலை அது. இப்பேர்ப்பட்டவளிடம் தோற்பதுகூட ஒரு கௌரவம்தான் என்று நினைத்தபோது, பை என் கைக்கு வந்தது.

"நீங்க எடுத்த மோல்டே நல்லாத்தான் இருக்கு. அதுலயே இன்னும் மூணு வாங்கிட்டு வாங்க. மேசையில டிராயர் மொத்தம் நாலு இருக்கே."