ஒன்பது அணிகளைக் கண்ட கோச்சும் என் அறிமுக உரையும்

வளைகுடாவில் வேலை கேட்டுப் போகிறவனிடம் யாரும் முதலில் படிப்பைக் கேட்பதில்லை. "கல்ஃப் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்பதுதான் கேள்வி. குவைத்தில் கொஞ்ச காலம், கத்தாரில் கொஞ்ச காலம், அப்புறம் துபாய் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு உட்கார நாற்காலி கிடைக்கும். பி.காம். முதல் வகுப்பு என்று சொல்கிறவனுக்கு "வெயிட் பண்ணுங்க" கிடைக்கும். (எனக்கு இரண்டாவது கிடைத்தது. நின்றுகொண்டே வெயிட் பண்ணினேன்.)

எங்கள் வீட்டில் இது சட்டமாகவே இருந்தது. என் அண்ணன் முருகேசன் பத்தாவதைத் தாண்டவில்லை. ஆனால் மஸ்கட், தோஹா, துபாய் என்று மூன்று ஊரில் சாரம் கட்டியவன். திருவாடானைப் பக்கம் எங்கள் தெருவுக்கு அவன் லீவில் வந்தால், பஞ்சாயத்துத் தலைவரே வந்து விசாரித்துவிட்டுப் போவார். அவன் அனுப்பிய பணத்தில் நான் காலேஜுக்குப் போனேன். குடும்பத்தில் முதல் பட்டதாரி. காலேஜ் தமிழ் மன்றத்தில் பேச்சுப் போட்டிக் கோப்பைகளாக வாங்கிக் குவித்ததைத் தவிர அங்கே நான் பெரிதாக எதுவும் செய்ததாக நினைவில்லை.

ஆகவே இருபத்து மூன்று வயதில் எனக்கு இரண்டு விஷயங்களில் சந்தேகமே கிடையாது. பல நாடு பார்த்தவர் பெரிய ஆள். பெரிய ஆளைப் பற்றி மேடையில் சுருக்கமாகப் பேசுவது மரியாதைக் குறைவு. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு நல்ல மனிதரின் வேலைக்கு நான் உலை வைத்தேன்.

அப்போது அமீரகத்தின் புஜைராவில் ஒரு தனியார் கல்லூரியில் மாணவர் நலப் பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். ஐடி கார்டு கொடுப்பது, பஸ் பாஸ் கொடுப்பது, பந்துக்குக் காற்று அடிப்பது. புரொபேஷன் முடியவில்லை. எனக்கு மேலே தாமஸ் சார். கோட்டயத்துக்காரர். எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் ஏசியைக் கூட்டிவைத்துவிட்டு, பிறகுதான் யோசிப்பார்.

எங்கள் கல்லூரியின் கால்பந்து அணி தோற்பதில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தது. அது சேர்மனுக்குப் பிடிக்கவில்லை. கல்லூரியின் சொந்தக்காரரான அந்த அரபிப் பெரியவர், ஒரு ஹெட் கோச்சை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார். தாமஸ் சார் தேடிப் பிடித்த ஆள்தான் மிர்கோ. செர்பியாக்காரர். முன்னாள் கோல்கீப்பர். ஆறடிக்கு மேல் உயரம், உடைந்து ஒட்டிய மூக்கு.

விமான நிலையத்திலிருந்து அவரையும் மனைவியையும் பெண்ணையும் கல்லூரி வேனில் அழைத்துவந்தவன் நான். மூன்று வருஷ காண்ட்ராக்ட் என்று அவரே சொன்னார். சீசன் தொடக்க விழாவில், மேடையிலேயே சேர்மன் கையெழுத்துப் போடுவார். மகளுக்கு இங்கே பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும் என்றார். அவர் மனைவி ஜன்னல் வழியாக மலைகளைப் பார்த்தபடி, இந்த முறை வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கப்போகிறேன் என்றார். இதுவரை எந்த ஊரிலும் வாங்கியதே இல்லையாம். இதுவரை கொடுத்த வீடுகளில் எல்லாம் திரைச்சீலை போட்டே கொடுத்திருப்பார்கள், எவ்வளவு வசதியான கம்பெனிகள் என்று நான் வியந்தேன்.

விழாவில் கோச்சை அறிமுகம் செய்யும் பொறுப்பை தாமஸ் சார் எனக்குக் கொடுத்தார். பெயர், நாடு, கோச் லைசென்ஸ், இரண்டு நிமிஷம், இறங்கிவிட வேண்டும் என்று மலையாளத்திலும் தமிழிலும் தனித்தனியாகச் சொன்னார். இரண்டு நிமிஷம். எங்கள் ஊரில் நன்றியுரைக்கே அதைவிட அதிகம் தருவார்கள்.

கால்பந்துக்காரர்களின் பிழைப்பு முழுவதையும் வரிசையாகப் போட்டுவைத்திருக்கும் ஒரு வலைத்தளம் உண்டு. அதில் மிர்கோவைத் தேடினேன். கண்ணில் நீர் வராத குறை. செர்பியாவில் ஒரு ரயில்வே அணி, ஒரு பல்கலைக்கழக அணி. பிறகு குவைத்தில் ஒரு கிளப், பஹ்ரைனில் ஒரு கல்லூரி, கத்தார், ஓமன், மறுபடி குவைத், ஜோர்டான், சவூதி. மொத்தம் ஒன்பது. அண்ணன் மூன்று ஊர் பார்த்ததற்கே பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கு வருகிறார் என்றால், இவரைப் பார்க்க மந்திரியே வரலாம்.

பாதி இடங்களை அவர் சீசன் நடுவிலேயே விட்டிருந்தார். சீசன் முடியும்வரைகூடப் பொறுக்காமல் அடுத்த நாட்டுக்காரர்கள் வந்து கொத்திக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். (கால்பந்தில் எனக்கு இருந்த அறிவு, பந்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதோடு நின்றுவிடும்.)

மரியாதைக்காக அவரையும் ஒரு வார்த்தை கேட்டேன். என்னென்ன சொல்ல வேண்டும் சார் என்றேன். "எனக்குக் கால்பந்து பிடிக்கும் என்று சொல். போதும்" என்றார். பழைய கிளப்புகளைப் பற்றிச் சொல்லலாமா என்றதற்கு, வேண்டாம் வேண்டாம் என்று அவசரமாகக் கையை ஆட்டினார். நம் ஊர் மேடைகளில் சிறப்பு விருந்தினர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அதற்குத் தன்னடக்கம் என்று பெயர். விருந்தினர் எவ்வளவு அடக்குகிறாரோ, அறிமுகம் செய்பவர் அவ்வளவு அவிழ்த்துவிட வேண்டும் என்பது மரபு.

விழா அன்று அண்ணன் தொழிலாளர்கள் தங்கும் சோனாப்பூர் கேம்ப்பிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தான். தம்பி இங்கிலீஷில் மேடையேறிப் பேசப்போகிறான். நான் கேட்டபடி துபாயில் ஜரிகைச் சால்வை ஒன்றும் வாங்கி வந்திருந்தான். கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுகிற கனம். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மொபைலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

மைதானத்தின் ஓரத்தில் மேடை. சாயங்காலம்தான் என்றாலும் கடல் பக்கத்துப் புழுக்கத்தில் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நான் முதலில் சால்வையை எடுத்து மிர்கோவுக்குப் போர்த்தினேன். அது என்ன வழக்கம் என்று அவருக்குப் புரியவில்லை. கழற்றலாமா என்றும் தெரியவில்லை. நான் பேசி முடிக்கும்வரை அந்தப் புழுக்கத்தில் ஜரிகையோடு உட்கார்ந்திருந்தார்.

பிறகு மைக்கைப் பிடித்தேன்.

தமிழில் யோசித்து இங்கிலீஷில் பேசினேன். குவைத் அழைத்தது, சென்றார். ஒரே சீசன். உடனே பஹ்ரைன் அழைத்தது. பஹ்ரைனில் மூன்று மாதம் முடிவதற்குள் கத்தார் பொறுக்கவில்லை. இவரை எந்தக் கரையாலும் நிறுத்திவைக்க முடியவில்லை, ஏனென்றால் இவர் கடல். இப்படிப் போனது.

பஹ்ரைனுக்கே மாணவர்கள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கத்தாருக்கு விசில். ஓமனுக்கு எழுந்து நின்றார்கள். தமிழ் மன்றத்தில்கூட எனக்கு இப்படி ஒரு கூட்டம் அமைந்ததில்லை. கைதட்டலுக்கு இடம்விட்டு, கையை உயர்த்தி அமர்த்தி, அடுத்த நாட்டுக்குப் போனேன். கடைசி வரிசையில் அண்ணன் ஒரு கையில் மொபைலோடு இன்னொரு கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான். தாமஸ் சார் என்னைப் பார்த்துக் கழுத்துக்குக் குறுக்கே விரலால் கோடு போட்டுக் காட்டினார். டை கோணலாக இருக்கிறது என்கிறார் என்று நினைத்துச் சரிசெய்துகொண்டேன்.

மிர்கோ தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சவூதியை முடித்துவிட்டு மூச்சு வாங்கியபோது, சேர்மன் கையை உயர்த்தினார். விரலில் ஜெபமாலை உருண்டுகொண்டிருந்தது. சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார், ஒரு மனிதர் எதற்காக இத்தனை அணிகளை விட்டுப் போக வேண்டும்?

பதில் என்னிடம் தயாராக இருந்தது. "டிமாண்ட், சார்" என்றேன்.

மைதானமே வெடித்தது. எங்கள் அணியின் கோல்கீப்பர் பையன் நாற்காலியிலிருந்து விழுந்தான். இது சிரிப்பு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கைதட்டலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது.

சேர்மன் தாமஸ் சாரிடம் அரபியில் ஏதோ கேட்டார். தாமஸ் சார் பதில் சொல்லச் சொல்ல வியர்த்தார். திறந்தவெளி, கூட்டிவைக்க ஏசியும் இல்லை. பிறகு சேர்மன் காண்ட்ராக்டைக் கையில் எடுத்தார். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை.

"இவ்வளவு டிமாண்ட் இருக்கிற மனிதரை மூன்று வருஷம் நாமே பிடித்து வைத்துக்கொள்வது நியாயமில்லை" என்றார். "ஒரு சீசன் போதும். ஹலாஸ், முடிந்தது."

மூன்றை அடித்து ஒன்றாக்கினார். அதன் கீழே கையெழுத்து. பக்கத்தில் மிர்கோவும் கையெழுத்துப் போட்டார். அதற்காகக் கையை நீட்டியபோது சால்வை நழுவி மேடையில் விழுந்தது. நான் குனிந்து எடுத்து மறுபடி போர்த்தினேன். (ஏன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.)

விழா முடிந்ததும் உடை மாற்றும் அறைக்கு வெளியே அவருக்காகக் காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க இங்கிலீஷில் நாலு வாக்கியம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் வந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

"சைப்ரஸை விட்டுவிட்டாய்" என்றார். "அங்கே விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் உன் வலைத்தளத்தில் ஏறவில்லை."

அப்புறம் அவரே விளக்கினார். கோச் என்றால் இதுதான் பிழைப்பு. தோற்றுக்கொண்டிருக்கிற அணிதான் அவரைக் கூப்பிடும். ஜெயிக்கிற அணிக்கு ஏற்கெனவே கோச் இருப்பார். கூப்பிட்டதும் ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டி. சீசன் நடுவில் விட்டதெல்லாம் அவர் விட்டது இல்லை. அப்போதுதான் வேனில் அவர் மனைவி சொன்னது எனக்கு விளங்கியது. எந்த வீட்டிலும் திரைச்சீலை வாங்கும் அளவுக்கு அவர்கள் இருந்ததில்லை. ஒத்திகை பார்த்த நாலு வாக்கியங்களையும் "சாரி, சார்" என்று சுருக்கிச் சொன்னேன்.

நாளைக்குச் சாயங்காலம் மைதானத்துக்கு வா, பயிற்சிக்குக் கூம்புகளை அடுக்க ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த சீசன் முழுக்க ஆபீஸ் முடிந்து நான் ஆரஞ்சுக் கூம்பு சுமந்தேன். அணி முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகத் தோற்றது. சேர்மனுக்கு அது போதவில்லை; மிர்கோவுக்கு மறுபடி பெட்டி. (புரொபேஷனில் நான் எப்படித் தப்பினேன் என்று கேட்பவர்களுக்கு: பந்துக்குக் காற்று அடிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை.)

விழா அன்றே பஸ் ஸ்டாண்ட் பக்கத்து கஃபட்டீரியாவில் கரக் டீ குடித்துக்கொண்டே அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் இன்னொரு வாய் டீ உறிஞ்சினான். பிறகு டீ மூக்கு வழியாக வந்தது.

"அப்ப அந்த ஆளை ஊர் ஊரா வெரட்டி விட்டதைத்தான் நீ மைக்கு போட்டுச் சொன்னியாடா?"

"ஆமாண்ணே."

"நான் வேற வீட்டுக்கு அனுப்பிச்சுட்டேனே."

வீடியோ எங்கள் குடும்பக் குழுவுக்கு ஏற்கெனவே போயிருந்தது. தம்பி பேசுகிறான், வெள்ளைக்காரர் தலைகுனிந்து கேட்கிறார், அரபிகள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டார். உண்மை தெரிந்த பிறகும் காட்டுவதை நிறுத்தவில்லை. கைதட்டினது கைதட்டினதுதானே என்பது அவர் கட்சி.

அதன்பின் எங்கள் வீட்டில் யாருக்கும் வேலை போவதில்லை. அண்ணனின் கம்பெனியை இழுத்து மூடியபோது, என்னடா ஆச்சு என்று அம்மா போனில் கேட்டார். "டிமாண்டும்மா" என்றான். அக்கா மகன் டியூஷனிலிருந்து துரத்தப்பட்டதும் அதே காரணத்தால்தான்.

எனக்குப் பெண் பார்த்தபோது, அம்மா ஜாதகத்தோடு அந்த வீடியோவையும் புரோக்கரிடம் கொடுத்திருக்கிறார். தேவகோட்டையில் பெண் வீட்டுக்குப் போனோம். சுகந்தி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். தனியாகப் பேசக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். அந்த வீடியோவில் உள்ள இங்கிலீஷை முழுக்கப் புரிந்துகொண்ட முதல் உறவுக்காரி அவள்தான் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தக் கோச் பாவம். இப்ப எங்க இருக்காரு?"

மஸ்கட்டில் என்றேன். ஒரு கல்லூரி அணி, அங்கேயே ரூவி என்ற பகுதியில் வீடு, இரண்டு வருஷ காண்ட்ராக்ட்.

"அங்க அவரை யாரு அறிமுகப்படுத்துனாங்க?"

"நானும் கேட்டேன். அறிமுக உரையே கூடாதுன்னு காண்ட்ராக்ட்ல எழுதச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாராம்."

அவள் சிரித்த சத்தம் கூடத்துக்குக் கேட்டு, உள்ளே எல்லாம் சரி என்று அவர்களாகவே தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை ரெண்டு வார்த்தை பேசணும் என்று யாரோ மைக்கை என் கையில் கொடுத்தார்கள். என் பக்கத்தில் சுகந்தி. எதிரே நல்ல கூட்டம். வாத்தியாரான என் மாமனாரைப் பற்றி, அவர் மாறிய பள்ளிக்கூடங்களை வரிசைப்படுத்தி மனதுக்குள் ஓர் உரை தானாகவே கட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் அண்ணன் மேடைக்கு ஏறி, மைக்கை வாங்கி, எல்லோரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும் என்று அறிவித்துவிட்டு அதை அணைத்துவிட்டான். அக்கா மகன் அதை வீடியோ எடுத்தான். நான் அதை மஸ்கட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் மிர்கோவிடமிருந்து பதில் வந்திருந்தது. "உன் அண்ணன் ஹெட் கோச் ஆகலாம். எந்த ஆட்டக்காரனை எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது."