அட்டை உண்டு, கவனம்

வளாகத்தில் எவரும் எக்கருத்தையும் தெரிவிக்கலாம் என்ற கொள்கை, குருவிட்ட நகருக்கு மேலே றப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் முறைப்படி நடைமுறைக்கு வந்தது. அதை எழுதியவர் கலாநிதி அழகமுத்து. யட்டியாந்தோட்டையில் தோட்டத் தொழிலாளர் லய வீட்டில் பிறந்தவர், ஐம்பது தாண்டிக் கருத்துச் சுதந்திரக் குழுவின் தலைவராகியிருந்தார்.

அமைச்சரை வரவேற்ற பதாகை மாதக்கணக்கில் தொங்கியது, அது கருத்து. விடுதியில் தண்ணீர் இல்லை என்ற தாள் மதியத்துக்குள் கிழிக்கப்பட்டது, அது குப்பை. இரண்டு முடிவுக்கும் கையொப்பமிட்டவர் அழகமுத்து. இரண்டு தடவையும் மனம் உறுத்தியது. அந்த உறுத்தலையே தன் நேர்மைக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு மழைநாளில் பதிவாளரின் கதவில் ஒரு தாள்: "அட்டை உண்டு. கவனம்." ஒட்டிய இறுதியாண்டு மாணவி ஷாமிளா பசையும் கையுமாகப் பிடிபட்டாள். அவதூறு என்று முடிவானால் பரீட்சை எழுத முடியாது. விசாரணை அழகமுத்துவின் குழுவுக்கே வந்தது.

"மேக்கே மொனவாத லியலா தியென்னே?" இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பீடாதிபதி சிங்களத்தில் கேட்டார். குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அழகமுத்து ஒருவரே.

மழைக்குக் காலில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டையை அறியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? ஆனாலும் அவர், "அடையாள அட்டை, சேர். இங்கே கொடுக்கிறார்களாம். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறாள்" என்றார்.

பீடாதிபதி நெகிழ்ந்துபோனார். "இதுவல்லவா கருத்துச் சுதந்திரம்! எல்லாக் கதவிலும் போடுவோம்."

அடுத்த வாரமே அதிகாரிகள் அனைவரின் கதவிலும் அதே வாசகத்தோடு பித்தளைப் பலகை ஏறியது. கொள்கை முதல் தடவையாக எல்லோருக்கும் ஒரே மாதிரி அமுலானது. சிரித்துக்கொண்டு போன தமிழ் மாணவர்களைப் பார்த்து அதிகாரிகளும் அன்பாகச் சிரித்தார்கள். அழகமுத்துவால் முடியவில்லை. பலகை அவர் கதவிலும் இருந்தது; அவருக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது.

ஷாமிளாவைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? ஒன்னயக் காப்பாத்துனவன் கதவுலயுமா?"

"அத நான் ஒட்டலீங்க சேர். ஆபீஸ்ல அடிச்சது. நீங்கதான் கார்டுன்னு சொன்னீங்களாமே?"

"கழட்டச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. உண்மையச் சொன்னா ஒன் பரீட்சை போயிரும்." கொஞ்சம் தயங்கினார். "என் பதவியும்தான்."

"அப்ப இருக்கட்டுங்க சேர்."

"மத்தவங்க கதவுக்குப் பொருந்துது, சரி. என் கதவுல இருக்கிறது எந்த அட்டைம்மா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சொல்லலாமுங்களா சேர்?"

கருத்துச் சுதந்திரக் குழுத் தலைவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"வேணாம்" என்றார்.