நூறாவது புளியங்கொட்டை

குழந்தைகளின் வயிற்றைப் பற்றி ஆண்டவனுக்கே ஒரு சந்தேகம் வந்தால், அவர் நேரே இறங்கி வந்து புளியங்கொட்டை நர்சம்மாவைத்தான் கேட்டாக வேண்டும். அந்தம்மாவும் கேட்டவுடன் சொல்லிவிட மாட்டார். "மொதல்ல துணியக் காட்டுங்க" என்பார்.

உலகச் சண்டைக் காலம் அது. பஸ்ஸெல்லாம் பெட்ரோலை மறந்துவிட்டு, முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடின. நான் மோகனூரிலிருந்து சேலம் போகிற பஸ்ஸில் கண்டக்டர். வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. எந்த ஊர் என்று கேட்காதீர்கள், அன்றைக்கு அங்கே இருந்தவர்களின் பிள்ளைகுட்டிகள் இப்போதும் என்னோடு பஸ்ஸில் வருகிறார்கள். அங்கே குழந்தைகள் வார்டில் பன்னிரண்டு கட்டில். பன்னிரண்டுக்கும் ராணி நர்சம்மா.

ஆள் நல்ல உயரம். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை தகரம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். இடுப்பில் ஒரு சுருக்குப் பை, அது நிறையப் புளியங்கொட்டை. நடந்தால் சலசலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வராந்தா முனையில் கேட்டதுமே, வார்டில் முறுக்கை மறைக்கிறவர்கள் மறைப்பார்கள், வாயைத் துடைக்கிறவர்கள் துடைப்பார்கள். மறைத்து என்ன பயன்? மறுநாள் துணி சொல்லிவிடும்.

குழந்தை துணியை நனைத்தால் அதைக் கொண்டுபோய் உடனே அலசிப் போடுவதுதானே தாய்மார் வழக்கம்? நர்சம்மா வாசலை மறித்துக்கொண்டு நிற்பார்.

"தொவைச்சுப் போடாதீங்க அம்மிணி. அது உங்க புள்ள எனக்கு எழுதின கடுதாசி. படிச்சுப் போட்டுத் தாரேன்."

படிப்பார். வெளிச்சத்தில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம். நிறம், வாடை, சளி, ரத்தம், தண்ணீர் எவ்வளவு, கட்டி எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். ஒரு நாள் வாழப்பாடிப் பக்கத்து அம்மா ஒருத்தியிடம், நேற்று குழந்தைக்கு மூன்று நிலக்கடலை கொடுத்திருக்கிறாய், இரண்டு வறுத்தது, ஒன்று பச்சை என்று சொல்லிவிட்டார். அந்தம்மா கற்பூரத்தை அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தாள், இரண்டுதான் கொடுத்தேன், இரண்டும் வறுத்ததுதான் என்று. மூன்றாவதைக் குழந்தை கட்டிலுக்கு அடியிலிருந்து தானே பொறுக்கித் தின்றிருந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

புளியங்கொட்டை விஷயத்துக்கு வருகிறேன். வயிற்றுப்போக்கில் காய்ந்துபோய் வரும் குழந்தைக்கு அந்தம்மாவின் வைத்தியம் ஒன்றே ஒன்று. நீர்க்கக் காய்ச்சிய அரிசிக் கஞ்சித் தண்ணீர், அதில் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் வெல்லம். சர்க்கரை ரேஷனில் போய்விட்டதால் வெல்லம். அதை மடக்கென்று ஊற்றினால் குழந்தை கக்கிவிடும். கரண்டி கரண்டியாக, விட்டு விட்டுக் கொடுக்க வேண்டும். எத்தனை கரண்டி என்று தாய்மாருக்கு எப்படித் தெரியும்? வார்டுக் கடிகாரம் என்றைக்கோ பத்தேகாலில் நின்றுபோனது. ஓடினாலும் மணி பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே யாருமில்லை. அதனால் கட்டிலுக்கு இரண்டு கொட்டாங்குச்சி வைத்தார். இடது பக்கத்தில் கழுவிக் காயவைத்த கொட்டை நூறு. வலது பக்கம் காலி. ஒரு கரண்டி குழந்தையின் தொண்டையில் இறங்கினால் ஒரு கொட்டை இடமிருந்து வலம் தாவும். கக்கிவிட்டால் பத்துக் கொட்டை திரும்பி வரும். நூறும் தாவினால் வேறு நூறு வரும்.

கொட்டையைப் பார்த்தால் நம் பெண்களுக்குக் கை சும்மா இருக்குமா? ஓமலூர் அம்மா ஒருத்தியும், பக்கத்துக் கட்டில் ராவுத்தர் வீட்டம்மாவும் ஒரு மத்தியானம் சிமெண்டுத் தரையில் கரிக்கட்டியால் குழி வரைந்து பல்லாங்குழி ஆடிவிட்டார்கள். ஆட்டம் முடிந்தபோது ஓமலூர்க் குழந்தை நூற்றிருபது கரண்டி குடித்திருந்தது, கொட்டைக் கணக்குப்படி. நர்சம்மா கோபப்படவில்லை. ஜெயித்தது யார் என்று மட்டும் விசாரித்தார். ஓமலூர் அம்மா பெருமையாகத் தலையை ஆட்டினாள். "அப்படீன்னா செயிச்ச கொட்டைக்கெல்லாம் இப்பக் கரண்டி குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இருட்டுகிற வரை அந்தம்மா கையை மடக்கவில்லை. அந்த வாரம் முதலில் வீட்டுக்குப் போன குழந்தை அதுதான்.

இதையெல்லாம் நான் பஸ்ஸில் வருகிறவர்கள் சொல்லக் கேட்டு, டிரைவரோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். சிரித்தவனையும் கொண்டுபோய் அந்த வார்டிலேயே உட்கார வைத்தது காலம்.

என் பெண்சாதி இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். மூத்தவள் பழனியம்மாள், ஒன்றரை வயசு, என் அக்காவிடம் இருந்தாள். அவளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அக்காவுக்குக் குழந்தை மேல் உயிர். அந்த உயிரினாலேயே இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் காட்டவில்லை. "உள்ள ஊத்தினாத்தானே வெளிய ஊத்தும்?" என்பது அவள் நியாயம். நான் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது குழந்தை துவண்டு கிடந்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பஸ்ஸிலேயே ஏறினேன். ஒரு மேட்டில் வண்டி நின்றுபோய்ப் பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். அன்றைக்கு மட்டும் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

நர்சம்மா பழனியம்மாளின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது. கண் குழிக்குள் போயிருந்தது. அழுதது, ஆனால் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

"கடைசியா எப்பங்க ஒண்ணுக்குப் போச்சு?"

எனக்குத் தெரியவில்லை.

"அத்தன பேரு ஏறி எறங்கறத ஞாபகம் வெச்சிருக்கறீங்க. இது ஞாபகமில்லீங்களா, கண்டக்டரே?"

டாக்டர் நல்ல மனுஷர். உப்புத் தண்ணீரை ஊசி வழியாகத் தொடையில் ஏற்றலாம், ஆனால் அந்தப் பாட்டிலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது, அடுத்த வாரம்தான் வரும் என்றார். வாய் வழியாகத்தான் பார்க்க வேண்டும். நாளைக் காலைக்குள் குழந்தைக்கு மூத்திரம் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. 

கொட்டாங்குச்சி இரண்டும் வந்தன. அந்த வார்டில் குழந்தைக்குத் துணையிருந்த ஒரே ஆண்பிள்ளை நான். பெண்கள் முதலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பிறகு நான் கரண்டி பிடிக்கிற அழகைப் பார்த்து மனசு தாங்காமல் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "ஏனுங்க, டிக்கெட் கிழிக்கறாப்பல வாயில போடாதீங்க. கன்னத்துப் பக்கமா உடுங்க" என்றாள் ஒருத்தி. விட்டேன். இறங்கியது. ஒரு கொட்டை. இன்னொரு கரண்டி. இன்னொரு கொட்டை. ஒரு தரம் கக்கி, பத்துக் கொட்டை திரும்பிப் போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மத்தியானம் சரியான வெயில். எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியாது. சலசலவென்று சத்தம் கேட்டு விழித்தேன். வராந்தாவில் நர்சம்மா வந்துகொண்டிருக்கிறார். கரண்டி என் மடியில் காய்ந்து கிடக்கிறது. கண்டக்டர் புத்தி இருக்கிறதே, வழியில் ஏறினவர்களையெல்லாம் கடைசி ஸ்டாப்பில் மொத்தமாக எழுதிக்கொள்கிற புத்தி, அது சும்மா இருக்கவில்லை. ஒரு கை அள்ளி இடதிலிருந்து வலதில் போட்டுவிட்டேன்.

நர்சம்மா வந்தார். கொட்டையை எண்ணவில்லை. வலது கொட்டாங்குச்சியைத் தரையில் கவிழ்த்து, கொட்டைகளைப் பரப்பிவிட்டு, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். என்னையும் உட்காரச் சொன்னார். எதற்கு என்று புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவர் ஓரமாக எறும்பு வந்தது. ஒன்று, இரண்டு, பிறகு ஒரு சாரி. நாங்கள் இரண்டு பேரும் கோர்ட்டில் தீர்ப்புக்குக் காத்திருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். எறும்புகள் ஒவ்வொரு கொட்டையாக மொய்த்தன. பன்னிரண்டு கொட்டையை மட்டும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன.

"வெல்லத்தண்ணி குடுத்த கையில எடுத்த கொட்டை பிசுபிசுக்கும்ங்க. எறும்பு வரும். இந்தப் பன்னெண்டும் சும்மா வந்து உக்காந்திருக்குது." பன்னிரண்டையும் தனியே பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். "பஸ்ல ஆரு ஏறினா ஏறலைன்னு என்னத்தையோ எழுதிக்கலாம். இது புள்ள வவுறு, சாமி. இதுல ஊத்தாத தண்ணி ஊறாது."

நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.  டூட்டி முடிந்தும் அந்தம்மா வீட்டுக்குப் போகவில்லை. பழனியம்மாளைத் தன் மடியில் போட்டுக்கொண்டார். கரண்டி என் கையில், குழந்தை அவர் மடியில். தூக்கத்தில் என் தலை சாயும்போதெல்லாம் சுருக்குப் பையை ஒரு குலுக்குக் குலுக்குவார். இன்னொரு கரண்டி.

விடிந்தது. டாக்டர் வருகிற நேரம். நாலாவது நூறும் முடியப் போகிறது. தொண்ணூற்றொன்பது கொட்டை தாவியாயிற்று. நூறாவது கரண்டியைக் கொடுத்துவிட்டுக் கொட்டையைக் கையில் எடுத்தேன்.

"அசையாதீங்க" என்றார் நர்சம்மா.

பயந்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகரம் மாதிரி விறைத்திருந்த வெள்ளைப் புடவையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரம். பார்க்கப் பார்க்க அது அகலமாகிக்கொண்டே போனது. என் மகள் மூத்திரம் பெய்துகொண்டிருந்தாள்.

பன்னிரண்டு கட்டிலுக்கும் சேதி போய்விட்டது. ஓமலூர் அம்மா இருந்திருந்தால் தேர்தலில் ஜெயித்த மாதிரி கத்தியிருப்பாள், இருந்தவர்களும் குறை வைக்கவில்லை. நர்சம்மா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு நேரே டாக்டர் அறைக்குப் போய் நின்றார். போய்ப் புடவையை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். "நீங்க பாத்துட்டீங்கன்னு நோட்டுல எழுதுங்க. பொறகு மாத்தறேன்" என்றார் அந்தம்மா. எழுதின பிறகும் மாற்றவில்லை. மத்தியானம் வரை பட்டுப் புடவை கட்டினவர் மாதிரி அதே புடவையோடு வார்டைச் சுற்றி வந்தார்.

பிறகு கெட்டிக் கஞ்சி, பிறகு குழைந்த சோறு. மூன்றாம் நாள் டாக்டர், கட்டில் வேண்டும், நீங்கள் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார். அக்காவும் கூட்டிப்போக வந்துவிட்டாள். கிளம்புகிற நேரத்தில் நர்சம்மா எங்கள் கட்டில் கொட்டையை எண்ணினார். இரண்டாம் தரமும் எண்ணினார்.

"தொண்ணூத்தொம்பதுதாங்க இருக்குது" என்று டாக்டரைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். "முழுங்கிருச்சாட்ட இருக்குது."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்றார்.

அந்த இரண்டு நாளும் வார்டு முழுக்க என் மகளின் துணிக்காகக் காத்திருந்தது. டாக்டரே டீ வடிகட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார். நர்சம்மா ஒவ்வொரு துணியையும் படித்துப் பார்த்துப் பரீட்சை முடிவு மாதிரி வாசித்தார். தண்ணி கொறஞ்சிருச்சு. கட்டி உழுந்திருச்சு. இன்னிக்கு மஞ்சள், நல்ல மஞ்சள். கொட்டை மட்டும் வரவேயில்லை. இடையிடையே அக்காவை உட்கார வைத்து, உள்ளே ஊற்றாவிட்டால் குழந்தை எப்படிக் காய்ந்துபோகும் என்று சொல்லிக் கொடுத்தார். அக்கா முதலில் முறைத்தாள், பிறகு கரண்டி பிடித்தாள்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கொட்டை என் காக்கிச் சட்டைப் பையில் இருந்தது. அன்று காலை நனைந்த புடவையைப் பார்த்த சந்தோஷத்தில், கையிலிருந்ததைப் பென்சிலைச் செருகுகிற மாதிரி பையில் போட்டிருக்கிறேன். நர்சம்மா தொண்ணூற்றொன்பது என்று சொன்ன நிமிஷமே பீடிக்காகக் கை விட்டேன், விரலில் தட்டுப்பட்டது. வெளியே எடுக்கவில்லை. வீட்டில் அக்கா இருக்கிறாள், அன்பு இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. துணி படிக்க ஆள் இல்லையே.

இரண்டு நாள் கழித்துப் பஸ் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. அன்றைக்கே நான் டூட்டியில் சேர்ந்துகொண்டேன். அக்கா குழந்தையோடு முன் சீட்டில் உட்கார்ந்தாள். நர்சம்மா வாசல்வரை வந்து ஒரு துணி முடிச்சை அக்கா மடியில் வைத்தார். புளியங்கொட்டை. பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அதுல ஒண்ணு கொறையுதுங்க, கண்டக்டரே. போட்டுருங்க."

பையில் கை விட்டேன். எடுத்துக் கொடுத்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"அஞ்சு நாளா உங்க பாக்கெட்டுக்கு எறும்பு சாரி சாரியாப் போயிட்டு வருதுங்க."

"பொறகு ஏனுங்க அன்னிக்கே கேக்கலை?"

அந்தம்மா கொட்டையைப் புடவைத் தலைப்பில் துடைத்து முடிச்சுக்குள் போட்டார். பழனியம்மாளின் வயிற்றுத் தோலை இன்னொரு தரம் மெதுவாகக் கிள்ளி விட்டுப் பார்த்தார். விட்டவுடன் தோல் தன் இடத்துக்குப் போய்விட்டது.

"கேட்டிருந்தா அன்னிக்கே போயிருப்பீங்கல்ல?" என்றார், குழந்தையைப் பார்த்துக்கொண்டே.

டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். விசில் என் வாயில்தான் இருந்தது. அன்றைக்கு அதை ஊத எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.