சமையலறைச் சரவிளக்கும் பன்னிரண்டாவது கொட்டையும்

கமெனிட்ஸ்கி ஷெனோவ்,
செப்டம்பர் 14

பெருமதிப்புக்குரிய மச்சான் அலோயிஸ் அவர்களுக்கு, போஹுஷ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் சுகம். அங்கு உங்கள் தங்கை மிலாடாவும் சுகமாகத்தான் இருப்பாள். ஒரு வாரமாக அண்ணன் கையால் காபி வாங்கிக் குடிக்கிறவளுக்கு என்ன குறை? என்னைப் பற்றி அவள் என்னென்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன். படித்துவிட்டு அவளை அடுத்த ரயிலில் ஏற்றிவிடுங்கள்.

முப்பத்துநான்கு வருஷம் கண்ணாடி ஆலையில் சரவிளக்கு கோத்தவன் நான். ஊரில் உள்ள மாளிகைக்கெல்லாம் கோத்து அனுப்பினேன், என் சூப்பு மட்டும் மங்கல் வெளிச்சத்திலேயே கிடந்தது. ஓய்வு பெற்ற அன்று எட்டுக் கையும் தொங்கும் நூற்றிருபது கண்ணாடித் துளியும் உள்ள ஒன்றை எனக்கே கொடுத்தார்கள். கூடம் முழுக்க மிலாடாவின் அலமாரி, அதனால் சமையலறையில் மாட்டினேன். அடுக்குமாடி வீடு, கூரை தாழ்வு, எதிர்வீட்டு வோய்ட்டா நெற்றியில் இடித்துக்கொண்டது உண்மை. ஆனால் ஜென்மத்தில் யாருக்கும் தலைவணங்காத மனிதர் இப்போது குனிந்துதான் உள்ளே வருகிறார். இது லாபமா நஷ்டமா? சூப்பு கொதித்தால் ஆவி மேலே போய்க் குளிர்ந்து, சூப்பிலேயே சொட்டுகிறது. ஒரு சொட்டுகூட வீணாகவில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை.

போன ஞாயிறு, பிளம்ஸ் பழத்தைக் கொட்டையோடு மாவில் பொதிந்து வேகவைக்கும் நம் கொழுக்கட்டை. வோய்ட்டாவும் சாப்பிட வந்திருந்தார். மிலாடாவின் பாட்டுக் குழுத் தலைவி ஷார்கா அம்மா விருந்துக்கு வந்திருந்தார், கிறிஸ்துமஸுக்கு இவளுக்குத் தனிப்பாட்டு தருவதாக இருந்தவர். தின்று முடித்த தட்டில் யாருக்குக் கொட்டை அதிகமோ அவர்தானே நம் வீடுகளில் ராஜா? ஷார்கா அம்மா தன் தட்டில் எண்ணினார்.

"பத்து, பதினொண்ணு, பன்னெண்டு! வோய்ட்டா, நீங்க பதினொண்ணுதான். தோத்தீங்க!"

"அதெல்லாம் சரிம்மா, அந்தக் கடைசிக் கொட்டை ஏன் இப்படி மின்னுது?"

முதல்நாள் நான் துளிகளைக் கழுவி மாட்டியதில் ஒரு கொக்கி சரியாக அழுந்தவில்லை. அந்தத் துளி, விளக்குக்குக் கீழே பிசைந்த மாவில் விழுந்துவிட்டது. நான் பொய் சொல்லாதவன். எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் காட்டினேன். "கொட்டை இல்லீங்க, எங்க ஆலைச் சரக்கு. வெந்து, நீங்க கடிச்சும் ஒரு கீறல் விழல பாருங்க!"

ஷார்கா அம்மா பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். தனிப்பாட்டும் போயிற்று. மிலாடா பெட்டியை எடுத்தாள். "அது இறங்கினாத்தான் நான் இந்தப் படி ஏறுவேன்."

மச்சான், தவறு கொக்கியுடையது, விளக்குடையது அல்ல. ஆகவே விளக்கு இறங்காது. பத்து நாள் போனால் அவளே வருவாள். எனக்கு அவசரம் இல்லை. உங்கள் வீட்டாருக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத
போஹுஷ்

பி.கு.: விளக்கை வியாழக்கிழமையே கழற்றி அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஷார்கா அம்மா வீட்டுக்கும் இரண்டு தடவை போய் மன்னிப்புக் கேட்டேன், யோசிப்பதாகச் சொன்னார். சூப்பில் இப்போது எதுவும் சொட்டவில்லை, தனியாகக் குடிக்கத்தான் முடியவில்லை. சனிக்கிழமை மாலை ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்பேன். நான் கழற்றினேன் என்று மட்டும் அவளிடம் சொல்லவேண்டாம். தானாகவே விழுந்துவிட்டது என்று சொல்லுங்கள்.