கழுவக் கொண்டுபோன கதிரைகள்

எனக்குக் குறையை எழுதத் தெரியும், காட்டத்தான் தெரியாது. இந்த ஒரு குணத்தால், கஹவத்தைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டிய கணக்கு டீச்சரை நானே வாசலோடு திருப்பி அனுப்பப் பார்த்தேன்.

அப்போது நான் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். (ஏகமனதான தெரிவு. கூட்டத்துக்குப் பிந்திப் போனேன், உள்ளே நுழையும்போதே கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.) தொழில், தோட்டத்தில் கணக்கப்பிள்ளை, மலையில் ஆட்களைப் பிரித்துவிட்டு வேலை வாங்குவது. பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்க ஆள் இல்லாமல் ஒரு வருஷம் ஓடிவிட்டது. அந்த வகுப்பில்தான் என் மகள் தர்ஷினியும் இருந்தாள். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டால் மேலே படிப்பது பெரும்பாடு. பிள்ளை தினமும் வெறும் கொப்பியோடு வீட்டுக்கு வருவாள்.

வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதினேன். டீச்சர் இல்லாதது, சுவர் இடிந்தது, கதிரை இல்லாமல் பிள்ளைகள் தரையில் இருப்பது என்று எல்லாவற்றையும் உருகி உருகி எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பலன் கிடைத்தது. நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார் என்று பதில் வந்தது.

அங்கேதான் என் புத்தி தடம் புரண்டது. தோட்டத்தில் மேலிடத்து ஆள் பார்க்க வருகிறார் என்றால் பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம், தண்ணீர் ஓடக் கான் வெட்டுவோம், ஓட்டை உடைசல்களைக் கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளுவோம். வந்தவர் ஒரு குறையும் காணாமல் போனால் எங்களுக்கு வெற்றி. இருபது வருஷம் இதையே செய்த கை சும்மா இருக்குமா?

பள்ளிக்கூட அதிபர் சாது. “கொறைய பாக்கத்தானே வாறாங்க, நாம ஏன் மறைக்கணும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஓட்டைத் தட்டுலயா, சேர், சோறு போடுவோம்?” என்றேன். மனிதர் வாயடைத்துப் போனார். (அன்னிக்கு அவரு என் வாயை அடைச்சிருக்கணும்.)

இடிந்த சுவரை விளையாட்டுப் போட்டி பெனர் ஒன்றால் மூடினேன். பக்கத்துச் சிங்களக் கிராமத்து மரணாதார சங்கத்தில் நாற்பது பிளாஸ்டிக் கதிரை கேட்டு வாங்கினேன். மரண வீடுகளுக்குக் கொடுப்பதற்காக அவர்கள் வைத்திருப்பவை. கணக்குப் பாடம் வெறுமையாகக் கிடந்தால் மானம் போகுமே என்று என் மனைவி ராணியை டீச்சராக நிற்கச் சொன்னேன். ராணிக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்தெடுத்து வரும்வரை கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள்.

“எனக்குப் பயமா இருக்குங்க.”

“ஒரே ஒரு பாடந்தான் ராணி. கைப்புள்ள முப்பத மேய்க்கிறவளுக்கு இதென்ன பெரிய வேல?”

வந்தவர் யாழ்ப்பாணத்து அம்மையார். கையில் குடையும் ஃபைலும். பேச்சு கொஞ்சம், பார்வை அதிகம். ராணி முதல் நாள் மகளிடமே கேட்டுப் பாடமாக்கிய ஒரே கணக்கைக் கரும்பலகையில் போட்டு, அதை மூன்று விதமாக விளக்கிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு பையன் தும்ம, போய்ச் சேலைத் தலைப்பால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள். பதினைந்து வயது தடியன் அவன். தர்ஷினி தலையை மேசைக்குள் புதைத்துக்கொண்டாள்.

“பிள்ளையளில நல்ல அன்பு,” என்று அம்மையார் ஃபைலில் ஏதோ எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வகுப்பின் ஓரத்திலேயே இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது அவர் சொன்னார்: “உங்கட கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சனான். கண்ணீர் வந்தது. இஞ்ச வந்து பாத்தா எங்கட ஒஃபிசை விட நல்லாயிருக்கு.”

“எல்லாம் உங்க ஆசீர்வாதங்க மேடம்,” என்றேன், பல்லெல்லாம் தெரிய.

“என்னட்ட இருக்கிறது ஒரே ஒரு கணித ஆசிரியை. உங்களுக்கோ, ஓப்பநாயக்கப் பக்கம் இன்னொரு பள்ளிக்கூடத்துக்கோ எண்டு பாக்கத்தான் வந்தனான். உங்களிட்டத்தான் ஒராள் இருக்கிறாவே. அவையளுக்கே குடுப்பம்.”

அதிபர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் பிள்ளையின் படிப்பு போகும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை.

அந்த நேரம் பார்த்து வாசலில் லேண்ட்மாஸ்டர் டிராக்டர் ஒன்று தடதடவென்று வந்து நின்றது. மரணாதார சங்கத்து சிறிபால இறங்கி, “புட்டு டிக்க ஓன மாத்தயா, மலகெதரக்,” என்று சிங்களத்தில் சொன்னார். ஊரில் ஒரு சாவு, கதிரை வேண்டுமாம். சாவுக்குக் கேட்டால் மறுக்க முடியுமா? பிள்ளைகளை எழுப்பி எழுப்பி அவர் கதிரைகளை ஏற்றத் தொடங்கினார்.

“கதிரையளை எங்க கொண்டு போகினம்?”

“கழுவக் கொண்டுபோறாங்க மேடம்,” என்றேன். (இந்தப் பதில் எங்கேருந்து வந்துச்சுன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது.)

சிறிபால முப்பத்தொன்பதை ஏற்றிவிட்டு, அம்மையாரின் முன்னால் வந்து பணிவாக நின்றார். அவர் எழுந்து தன் கதிரையையும் கொடுத்தார். பிறகு நின்றபடியே என்னைக் கேட்டார்:

“வேற என்னென்ன கழுவக் கொண்டு போவினம்?”

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. “கணக்கு டீச்சரையுங்க மேடம். பன்னெண்டு மணிக்கு அவங்க புள்ளக் காம்பராவுல நிக்கணும். அவங்க எம் பொஞ்சாதிங்க,” என்றேன். “எம் மகளும் அந்த வகுப்புலதான் இருக்கு. ஒரு வருஷமா கணக்குக் கொப்பியில ஒண்ணுமே இல்லீங்க.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியபோதுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. “இப்பதான் எனக்கு எழுத ஏதும் கிடைச்சிருக்கு. மறைச்சதெல்லாத்தையும் ஒண்டு விடாமக் காட்டுங்கோ,” என்றார்.

ஊரே பார்க்க, நான் கட்டிய பெனரை நானே அவிழ்த்தேன். சுவரின் ஓட்டை வழியாக வெளியே நின்ற மாடு ஒன்று உள்ளே எட்டிப் பார்த்தது. அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

அடுத்த தவணைக்கே கணக்கு மிஸ் வந்துவிட்டார். ஓப்பநாயக்கப் பக்கத்துக்கும் பிறகு ஒருவர் கிடைத்தார் என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது. தர்ஷினி கணக்கில் ‘பி’ எடுத்தாள். சுவரும் கட்டியாயிற்று.

இப்போதும் ஆசிரியர் தினத்தன்று பிள்ளைகள் டீச்சர்மாருக்கு வெற்றிலை கொடுத்துக் கும்பிடும்போது, கணக்கு மிஸ் ராணியையும் பிள்ளைக் காம்பராவிலிருந்து கூப்பிட்டு வரிசையில் நிறுத்துவார். “எனக்கு முந்தி இருந்த மிஸ்,” என்று சொல்லி முதல் வெற்றிலையை அவரே கொடுப்பார். ராணியும் ஒரு பாடம் நடத்திய கம்பீரத்தோடு வாங்கிக்கொள்வாள்.

எனக்கும் மரியாதைக்கு ஒரு கதிரை போடுவார்கள். நான் உட்காரப் போகும்போது தர்ஷினி எங்கிருந்தாவது கேட்பாள்: “அப்பா, கழுவியாச்சா?”